கோட்டோரம் நிற்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலை உதைபந்தாட்ட ரசிகர்களுக்கு,

வணக்கம். ஏகாம்பரம் மைதானம், மெக்கெய்சர் அரங்கு, கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து மைதானங்கள் என்று எங்கே பந்தடி நடந்தாலும் கோட்டோரத்தில் வந்து நிற்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஐயாமார், அண்ணன்மார், தம்பிமார் ஒருவரையும் விடவில்லை.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். கொஞ்ச நாளாகத் தேத்தண்ணிக் கடையிலும் சலூனிலும் வேறு பேச்சில்லை. இடது விங்கில், அதாவது முன்வரிசையின் இடது ஓரத்தில் ஆடுகிற அந்த 17 வயதுப் பொடியன் தேறுவானா, மாட்டானா? பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவனுடைய அம்மாவின் கண்ணில் படும். பெயர் இல்லாமலே உங்களுக்கு ஆள் விளங்கும்.

ஒரு கட்சி, "ஓட்டம் மட்டும்தான் இருக்கு, மண்டையில ஒண்டுமில்ல" என்கிறது. மறு கட்சி இப்போதே அவனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டது. நடுவில் ஒரு சின்னக் கட்சி, அவனைப் பின்னால் இழுத்து லெப்ட் பெக்காக, இடது பக்கத்தைக் காக்கிறவனாகப் போடச் சொல்கிறது. இந்த மூன்றாவது கட்சியில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பழைய பெக்மார் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. அவனைப் பற்றிப் பேசுங்கள். பேசாதே என்றால் கேட்கிற ஊரா இது? ஆனால் பேச்சை ஆட்டம் முடிந்தபிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடக்கும்போது அவனுடைய காதுக்குள் நின்று தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

காதுக்குள் என்று சும்மா சொல்லவில்லை. எங்களுடைய மைதானங்கள் பலவற்றில் ஒரு பக்கம்தான் கொட்டகை இருக்கும். மற்றப் பக்கத்தில் கயிறுகூட இருக்காது. கோட்டுக்கு இரண்டு மூன்று அடி தள்ளி மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் போட்டிருக்கும், அதன் மேல் நாலு பேர் ஏறி இருப்பார்கள், அவர்களுக்கு முன்னால் கடலை தின்றபடி இன்னும் பத்துப் பேர். நடுவில் ஆடுகிறவனுக்கு எங்களுடைய சத்தம் மொத்தமாக ஓர் இரைச்சலாகத்தான் கேட்கும். கோலிக்குப் பின்னால் நிற்கிற சின்னப் பொடியன்களின் கூச்சலையும் அவன் பொருட்படுத்த மாட்டான். விங்கில் ஆடுகிறவனுக்கு மட்டும்தான் சொல் சொல்லாகக் கேட்கும், யாருடைய குரல் என்றும் தெரியும். பந்து மறுபக்கம் போனதும் அவன் எங்களுக்குப் பக்கத்தில் தனியாகத்தானே நிற்கிறான்? அந்த நேரம் பார்த்துத்தான் நாங்களும் வாயைத் திறக்கிறோம்.

கடைசியாக நடந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியை எடுங்கள். முதல் இரண்டு தடவையும் எதிரணியின் ரைட் பெக் பொடியனிடமிருந்து பந்தைப் பறித்துவிட்டான். மூன்றாவது தடவை பந்து வந்தபோது இவன் ஓடவில்லை. பந்தை உள்ளங்காலின் கீழே வைத்துக்கொண்டு நின்றான். பெக் கிட்ட வரட்டும் என்று பார்த்துக்கொண்டே நின்றான். வலது தோளை ஒரு தடவை தாழ்த்தினான். உள்ளே வெட்டப் போகிறான் என்று நினைத்து பெக் அந்தப் பக்கத்துக் காலில் பாரத்தைப் போட்டதும், பந்தை வெளிப்பக்கம் தட்டிவிட்டுக் கோட்டை ஒட்டியே போய்விட்டான். கோல் கோட்டுக்கு ஒரு கவடு இருக்கும்போது, இடது காலால் தரையோடு தரையாக ஒரு பந்து. அது கோல் வாயைக் குறுக்கே கடந்து அந்தப் பக்கத்தால் வெளியே போனது. அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய சென்டர் ஃபோர்வர்ட் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கோலுக்கு முன்னாலுள்ள பெட்டிக்கு வெளியே ஆறுதலாக வந்துகொண்டிருந்தார்.

திட்டு யாருக்கு விழுந்தது? "யாருக்கடா போட்டாய்?" என்று மோட்டார் சைக்கிளில் இருந்து ஒரு குரல். "கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறான்" என்று இன்னொரு குரல். கூட ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு நடந்ததைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்? அடுத்த பந்தை அவன் பின்னால் தட்டிக் கொடுத்தான். அதற்கடுத்ததையும் அப்படியே. ஆட்டம் முடியும்வரை அந்த ரைட் பெக்கை எதிர்த்து அவன் போகவே இல்லை. பெக்கை எப்படிக் கழற்றுவது என்று அப்போதுதான் கண்டுபிடித்திருந்தான், அந்த வழியை நாங்கள் அடைத்துவிட்டோம். அந்த ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. தேத்தண்ணிக் கடையில் மறுநாள் வந்த தீர்ப்பு: "பெக்கைக் கண்டால் பயம், பின்னுக்குக் கொடுக்கிறான்."

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. தேறுவானா என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ஒரே வேலையை மனதில் வைத்துக் கேட்கவில்லை. பழையவர்களுக்கு அவன் லெப்ட் அவுட். கோட்டோடு போக வேண்டும், கோனர்க் கொடிவரைக்கும் போக வேண்டும், அங்கிருந்து பந்தைக் கோல் வாய்க்குக் குறுக்கே போட்டுச் சென்டர் பண்ண வேண்டும், அவ்வளவுதான். கோல் போடுவது வேறு ஆளின் வேலை. இரவிரவாக இங்கிலாந்து, ஸ்பெயின் ஆட்டம் பார்த்து வளர்ந்த தம்பிமாருக்கு விங் என்றால் உள்ளே வெட்டி வந்து, பெட்டி விளிம்பில் இருந்து தூரத்து மூலையில் சுழற்றிப் போட வேண்டும். எகிப்துக்காரர் சாலா அப்படி, ஸ்பெயின்காரர் யமால் அப்படி என்கிறார்கள். உண்மைதான். ஆனால் சாலாவும் யமாலும் இடதுகால்காரர்கள், ஆடுவது வலது பக்கம். உள்ளே திரும்பினால் நல்ல கால் கோலைப் பார்க்கும். பிரேசில்காரர் வினீசியஸ் வலதுகால்காரர், ஆடுவது இடது பக்கம். எங்கள் பொடியன் இடதுகால்காரன், ஆடுவதும் இடது பக்கம். அவன் உள்ளே வெட்டினால் பந்து வலது காலுக்கு வரும், அந்தக் காலால் அவன் அடித்தால் பந்து கடற்கரைக்குப் போகும். அவனுக்குக் கோல் குறைவு என்று கணக்குக் காட்டுவது, அவனிடம் கொடுக்காத வேலைக்குச் சம்பளத்தில் வெட்டுகிற கதைதான். அவனை வலது பக்கம் மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதை இதுவரை யாரும் கேட்டதாகக் காதில் விழவில்லை.

சரி, கோல் கணக்கே பேசலாம் என்றால் பேசுவோம். வினீசியஸ் ரியல் மாட்ரிட்டுக்கு வந்தது 2018இல், 18 வயதில். ஸ்பெயின் லீக்கில் முதல் மூன்று பருவத்தில் அவர் போட்ட கோல்கள் முறையே 2, 3, 3. கோலுக்கு முன்னால் போனதும் அவர் தடுமாறுவதைப் பார்த்து இந்த ஊரிலும் சிரிக்காதவர் இல்லை. நான்காவது பருவத்தில் 17. சாலா 2014 ஜனவரியில் இங்கிலாந்தின் செல்சிக்குப் போய், லீக்கில் 13 ஆட்டங்களில் 2 கோல்களோடு இரவலாக இத்தாலிக்கு அனுப்பப்பட்டார். அதே லீக்குக்கு லிவர்பூல் சட்டையில் திரும்பி வந்து 2017–18இல் மட்டும் 32. ரொனால்டோ மான்செஸ்டர் யுனைடெட்டில் முதல் பருவத்தில் போட்டது 4 லீக் கோல்கள், ஐந்தாவது பருவத்தில் 31. காலைச் சுற்றிச் சுற்றிப் படம் காட்டுகிறான், பந்தைக் கொடுக்கிறானில்லை என்று அந்த நாளில் அவரைப் பற்றியும் இதே பேச்சுத்தான்.

எங்களுடைய மணிக்கூட்டைக் கெடுத்தது யமால். 2024 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக அந்தக் கோலைப் போட்டபோது அவருக்கு வயது 16. அதற்குப் பிறகு 17 வயதுப் பொடியன் ஒருவன் தடுமாறினால் எங்களுக்கு அவன் கிழவன். உலகம் முழுவதையும் சல்லடை போட்டுத் தேடினாலும் ஒன்றிரண்டு பேர்தான் அப்படி அகப்படுவார்கள். அவர்களை அளவுகோலாகத் தூக்கிக்கொண்டு வந்தால் திருகோணமலையில் மட்டுமில்லை, கொழும்பிலும் ஒருவனும் தேற மாட்டான்.

வினீசியஸ் கதையில் எனக்கு அந்தக் கோல்களைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. 2020 ஒக்டோபரில் ஜெர்மனியில் முன்ஷன்கிளாட்பாக் அணியோடு ரியல் மாட்ரிட்டுக்கு ஆட்டம். இடைவேளை நேரத்தில் வினீசியஸோடு முன்வரிசையில் ஆடிய பென்சமா தன் அணியின் லெப்ட் பெக்கிடம் பிரெஞ்சு மொழியில், அவனுக்குப் பந்து கொடுக்காதே, எங்களுக்கு எதிராகத்தான் ஆடுகிறான் என்கிற கருத்தில் பேசியது கமராவில் பிடிபட்டது. பேச்சு வினீசியஸைப் பற்றித்தான். ஒரு விங்காரனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அவன் பந்துக்குப் பின்னால் ஓடித் திரிகிறவன் இல்லை, பந்து தன்னிடம் வரும் என்று நம்பிக் கோட்டோரம் காத்திருக்கிறவன். வராவிட்டால் அவன் வெறும் பார்வையாளன், ரிக்கெட் எடுக்காமல் உள்ளே நிற்கிற பார்வையாளன்.

அந்த இருவரும் அதற்குப் பிறகு பழகிக்கொண்டார்கள். 2022 மே மாதம் பாரிஸில் சம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். பெற்றோல் வரிசையில் நின்று நின்று எங்களுக்குக் கால் வீங்கிக் கிடந்த காலம் அது. வாசலில் நடந்த குழப்பத்தில் ஆட்டம் அரை மணித்தியாலத்துக்கு மேல் பிந்தித் தொடங்கியது. இங்கே நடுச்சாமம் ஒரு மணி தாண்டிவிட்டது. அந்த ஆட்டத்தின் ஒரேயொரு கோலைப் போட்டது வினீசியஸ். அவருக்குப் பந்து கொடுக்கக்கூடாது என்று ஒன்றரை வருடத்துக்கு முந்திய பேச்சை அணி கடைசிவரைக்கும் கேட்டிருந்தால் அந்தப் பந்து அவருடைய காலுக்கு வந்திருக்காது.

எங்கள் பொடியனுக்கு எத்தனை பந்து வருகிறது என்று ஒருநாள் பாருங்கள். வலது பக்கம் அணித்தலைவரின் கூட்டாளி ஆடுகிறான், ஆட்டம் முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்து கிடக்கிறது. இவனுக்கு வருகிற பந்துகளும் எப்படி வருகின்றன? தலைக்கு மேலால், பெக் இரண்டு பேர் சூழ்ந்து நிற்கும்போது, முதுகுப் பக்கமாக. காலுக்கு வருகிற பந்து குறைவு, முன்னால் வெறும் இடத்தில் விழுகிற பந்து அதைவிடக் குறைவு. அவனுக்குப் பின்னால் ஆடுகிற லெப்ட் பெக் நல்ல பெக், ஆனால் பாதி மைதானத்தைத் தாண்டுவதில்லை. அவர் ஒரு தடவை வெளிப்பக்கமாக ஓடி இவனைத் தாண்டிப் போனால் எதிரணி பெக் யாரைப் பிடிப்பது என்று தடுமாறுவான். ஒருவரும் போகாததால் எல்லா நேரமும் இவன் ஒருவனுக்கு எதிராக இரண்டு பேர்.

அப்புறம் நிலம். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்களுடைய மைதானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. புல் கருகி, மண் இறுகி, ஒரு சாதாரணப் பாஸ்கூட நெஞ்சுக்குத் துள்ளும். நடுப்பகுதியில் ஆட்டம் போய்ப் போய் மண் ஒரு மட்டமாக இருக்கும். கோட்டோரத்தில்தான் பள்ளமும் திட்டியும். அங்கே கல்லும் கிடக்கும், சிலவேளை ஆட்டத்துக்கு முன்னால் மேய்ந்துவிட்டுப் போன மான்களின் புழுக்கையும் கிடக்கும். காற்று ஒரு பாதியில் அவனுடைய சென்டரைத் தூக்கிக்கொண்டு கோலுக்குப் பின்னால் போடும், மறு பாதியில் பாதி வழியில் நிறுத்தும். மாரியில் கோனர்ப் பக்கம் குளம். முதல் தொடுகையில் பந்து கழன்று போனால் "கால் இல்லை" என்று சொல்வதற்கு முன்னால், ஆட்டம் தொடங்க முதல் அந்த இடத்தில் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஊர்க் கதையையும் மறைக்க வேண்டாம். எங்களில் சிலருக்கு அவன் எப்படி ஆடுகிறான் என்பதைவிட எங்கேயிருந்து வருகிறான் என்பதுதான் பிரச்சினை. அவன் ரவுனுக்குள் இருக்கிற பொடியன் இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்ததற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, படகுப் பாதையில் ஏறிக் கடலைக் கடந்து வந்து ஆடிவிட்டுக் கடைசிப் பாதைக்கு ஓடிய ஆட்களின் கதை தெரியாது. அந்தக் காலத்திலும் அங்கேயிருந்து வந்து இந்த ரவுனுக்கு ஆடியவர்கள் இருந்தார்கள், அவர்களைத் தோளில் தூக்கியவர்கள் இன்னும் எங்கள் நடுவில் இருக்கிறார்கள். இப்போது பாலம் இருக்கிறது, பஸ் இருக்கிறது. அவன் தவறவிட்ட பந்துக்கு ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் மட்டும் எங்கேயிருந்து வந்தது? தமிழன், முஸ்லிம், சிங்களவன் மூன்று பேரும் ஒரே சட்டை போட்டு ஆடுகிற அணிகள் இந்த மாவட்டத்தில் இருக்கின்றன. உள்ளே அவர்களுக்கு இல்லாத கோளாறு கோட்டுக்கு வெளியே நிற்கிற எங்களுக்கு எதற்கு?

அவனிடம் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நிறைய இருக்கிறது. வலது காலை ஊன்றுகோலாக மட்டும்தான் வைத்திருக்கிறான். சென்டர் பண்ணுவதற்கு முன்னால் தலையைத் தூக்கிப் பார்ப்பதில்லை. அன்றைக்குப் போட்ட பந்து நல்ல பந்துதான், ஆனால் சென்டர் ஃபோர்வர்ட் வரவில்லை என்பதை அவனும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பின்னால் வந்துகொண்டிருந்த மற்றவனுக்கு இழுத்துக் கொடுத்திருக்கலாம். பந்து பறிபோனதும் கையை விரித்துக்கொண்டு றெஃபரியைப் பார்க்கிறான். அந்த நேரத்துக்குள் எதிரணி பெக் முப்பது யார் தூரம் ஓடிவிடுவான். இது பயிற்றுநர் சொல்லித் திருத்த வேண்டிய பழக்கம், கடுமையாகவே சொல்ல வேண்டும்.

அவன் பெரிய ஆளாக வருவான் என்றும் நான் பந்தயம் கட்டவில்லை. அமெரிக்காவில் ஃபிரெடி அடு என்று ஒருவர் 2004இல் 14 வயதில் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அடுத்த பெலே என்று எழுதித் தள்ளினார்கள். பிறகு நாடு நாடாக, கழகம் கழகமாக அலைந்தார், அந்தப் பெலே வரவே இல்லை. ஏசியும் ஒரு பொடியனைக் கெடுக்கலாம், ஏற்றிவிட்டும் கெடுக்கலாம். அவனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிய கட்சிக்காரர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். போன மாதம் அவனுடைய படத்துக்குக் கிரீடம் வைத்து, இறக்கை வைத்துப் பகிர்ந்தவர்களில் இரண்டு பேர்தான் அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் இருந்து முதலில் கத்தினவர்கள்.

அதோடு, எதற்குத் தேறுவானா என்று கேட்கிறோம்? மாவட்ட அணிக்கென்றால் என்னுடைய கண்ணுக்கு இன்றைக்கே தேறுவான். அதற்கு மேலே என்றால் பாதை ஒடுக்கம். 2021இல் நாட்டில் சூப்பர் லீக் தொடங்கியபோது பத்துக் கழகங்கள் ஆடின. வடக்கு கிழக்கில் இருந்து ஒன்றுகூட இல்லை. இங்கேயிருந்து மேலே போக நினைக்கிறவன் கொழும்புப் பக்கத்துக் கழகம் ஒன்றையோ, படையினரின் அணி ஒன்றையோ பிடிக்க வேண்டும். பிடித்தாலும், 2023 ஜனவரியில் நடந்ததுபோல ஃபீஃபா நாட்டையே இடைநிறுத்தினால் மாதக்கணக்காகச் சர்வதேச ஆட்டமும் இல்லை. 1995இல் கொழும்பில் இந்தியாவைத் தோற்கடித்துத் தெற்காசியக் கிண்ணம் எடுத்த நாடு இது, இப்போது ஃபீஃபா தரவரிசையில் 200ஐச் சுற்றிக் கிடக்கிறது. தேசிய அணிக்கு வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களைத் தேடிப் பிடிக்கிறார்கள். வசீம் ராசீக் பிறந்தது ஜெர்மனியில், 2021இல் லெபனானுக்கு எதிராக இலங்கை போட்ட இரண்டு கோலும் அவருடையவை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக ஆடினார். திருகோணமலையில் பிறந்த ஒருவனுக்கு அந்தச் சட்டை கிடைக்க எத்தனை கதவு திறக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். அதில் ஒரு கதவிலும் எங்களுக்குப் பிடி இல்லை. எங்களுடைய கையில் இருப்பது அந்தக் கோட்டோரம் மட்டும்தான்.

ஆகவே அடுத்த ஆட்டத்துக்கு வரும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஒரு பாதி முழுக்கப் பந்தைப் பார்க்காமல் அவனை மட்டும் பாருங்கள். பந்து வலது பக்கம் இருக்கும்போது அவன் எங்கே நிற்கிறான், பெக்கின் முதுகுக்குப் பின்னால் எத்தனை தடவை ஓடுகிறான், ஓடின ஓட்டத்துக்கு எத்தனை தடவை பந்து வருகிறது, பறிகொடுத்தபிறகு மறுபடியும் அதே பெக்கிடம் போகிறானா. கடைசிக் கேள்விக்குப் பதில் ஆம் என்றால் மற்றதையெல்லாம் பழக்கிக்கொள்ளலாம். இல்லை என்றால் நான் உங்களுடைய கட்சி. ஆனால் அந்தப் பதிலை அவன் சொல்ல வேண்டும், மோட்டார் சைக்கிளில் இருக்கிறவர் அவனுக்காகச் சொல்லக்கூடாது. வாய் சும்மா இருக்க மாட்டேன் என்றால், சென்டர் ஃபோர்வர்டைக் கொஞ்சம் வேகமாக ஓடி வரச் சொல்லிக் கத்துங்கள்.

இன்னுமொன்று. பயிற்சிக்குப் போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு பேருக்கு நல்ல பந்து இரண்டுதான், மூன்றாவது முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது. வலது காலால் அடித்துப் பழகு என்று பயிற்றுநர் சொல்கிறார், தனியாக எதை வைத்துப் பழகுவான்? தேத்தண்ணிக் கடையில் இரண்டு கட்சியும் பந்தயம் கட்டியிருப்பதாகக் கேள்வி. கட்டின காசை முடிவு தெரியும்வரைக்கும் வைத்திருக்காமல் ஆளுக்கொரு பந்து வாங்கிக் கொடுங்கள். பெக்மார் கட்சியும் சேர விரும்பினால், பம்பும் ஊசியும் அவர்களுடைய கணக்கில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
கொட்டகை இல்லாத பக்கம் நிற்கிற ஒருவன்,
திருகோணமலை.